முப்பத்தாறு புள்ளி ஐந்து

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே? "ரெண்டு வரி ஒழுங்கா எழுத மாட்டே, கோணத்தை மட்டும் கூடை கூடையா அனுப்புவே" என்று போன கடிதத்தில் திட்டியிருந்தாய். இதோ, கூடையோடு இரண்டு வரியும் வருகிறது.

குடிநீர்ச் சுரங்கம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மலையின் இந்தப் பக்கம் நாங்கள் குடைகிறோம், அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். அங்கே சர்வேயர் ஒரு பெரியவர். ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது. கால்குலேட்டரைத் தொட மாட்டார். கோணத்தின் நிமிடத்தை அறுபதால் வகுத்து, அட்டவணைப் புத்தகம் பார்த்து, எல்லாம் பென்சில்தான். "டிகிரி, உன் டப்பாவுல பேட்டரி தீர்ந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். (இங்கே என்னை எல்லாரும் டிகிரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) "எங்க அக்கா இருக்கா" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்னொரு சங்கதி. புதுக் கருவி வந்திருக்கிறது. கண்ணைச் சுருக்கிக் கோடு எண்ணும் வேலையே இல்லை. கோணம் எண்ணாகவே தெரிகிறது. நிமிடத்திலும் காட்டும், தசமத்திலும் காட்டும். நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்துச் சுரங்கம் இனி இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிய பிறகு இருநூற்று நாற்பது மீட்டர் நேர்கோடு. அதன் முடிவில் பெரியவரோடு கைகுலுக்கல். கோணங்கள்: 14.20, 8.45, 112.10. திரும்பும் கோணம் 36.5. வழக்கம்போல் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அட்டவணை போட்டு அனுப்பு. இருபதாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் நலம். உன் கூடை நேற்று வந்தது. இன்று காலை மாமாவை அனுப்பிவிட்டு, சமையலறையைக் கழுவிவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தேன். அட்டவணை இதனுடன் இருக்கிறது. என் நோட்டில் பக்கம் 143.

மாமாவை அனுப்பிவிட்டு என்றேனே, அவர் போகும் முன் நடந்ததைக் கேள். சட்டைப் பொத்தானைப் போட்டபடி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பதினாலு புள்ளி இருபதுன்னு அவன் எழுதியிருக்கான். நீ ஏன் பதினாலு, ஒரு பொத்தான், இருபது, மறுபடி பொத்தான்னு சுத்தி வளைக்கிறே?"

"அவன் எழுதுறது பதினாலு டிகிரி இருபது நிமிஷம். அறுபது நிமிஷம் சேர்ந்தாதான் ஒரு டிகிரி. மணி ரெண்டு முப்பதுன்னு கடிகாரம் காட்டுதுன்னா ரெண்டரை மணி. ரெண்டு புள்ளி முப்பதுன்னு இந்த மிஷின்ல போட்டா அதுக்கு அரைன்னு தெரியுமா? இந்தப் பொத்தானை அழுத்தினாதான் தெரியும். பாருங்க, பதினாலு புள்ளி மூணு மூணு மூணு."

"அரை மணி லேட்டாப் போனா என் ஆபீஸ் மிஷினுக்கு நல்லாத் தெரியும்" என்று கிளம்பிவிட்டார். இவரிடம் பேசி என்ன ஆகப் போகிறது!

உன் கடைசிக் கோணத்தில் மட்டும் விரல் நின்றது. நிமிடத்தை எப்போதும் இரண்டு இலக்கமாக எழுதுகிறவன், 36.5 என்று ஒற்றையாக விட்டிருக்கிறாய். கேட்டு எழுதினால் தபால் போக நாலு நாள், வர நாலு நாள். அங்கே இருக்கிற ஒரே போனும் உன் தலைமைப் பொறியாளர் மேசையில். அப்புறம்தான் புதுக் கருவி தசமத்தில் காட்டும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. தசமம் என்றால் மாற்றவே வேண்டாமே. அப்படியே 36.5 போட்டுக் கணக்கை முடித்தேன். எனக்கு ஒரு பொத்தான் மிச்சம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் தாளில் "கணக்கிட்டவர்", "சரிபார்த்தவர்" என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் நீயே கையெழுத்துப் போடுகிறாய். நான் போட்டதை நீ ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறாயா? நாலு வருஷமாகக் கேட்கிறேன்.

உன் அக்கா

&nbsp;

மே 3

அக்கா,

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் இரண்டு பக்கமும் சேர வேண்டிய நாள். நாங்கள் குடைந்து நிறுத்திய முனையில், முகப்புப் பாறையில் காதை வைத்துக் கேட்டோம். அந்தப் பக்கத்துத் துளைக் கருவியின் சத்தம் நேர் எதிரே வர வேண்டும். வரவில்லை. "டிகிரி சார், சத்தம் என் தோள்பக்கம் வருதே" என்றார் துளை போடுகிறவர். சுரங்கத்துக்குள் சத்தம் எப்படி வேண்டுமானாலும் சுற்றும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானும் ஒரு தடவை காதை வைத்துப் பார்த்தேன்.

பத்து மணிக்கு எல்லாரும் டீ குடிக்க வெளியே வந்தோம். கோப்பையை வாயில் வைத்திருக்கிறேன், உள்ளே இடி மாதிரி ஒரு சத்தம். அவர்கள் வெடி வைத்திருக்கிறார்கள். பாறை இன்னும் ஆறு மீட்டர் இருக்கிறது என்பது எங்கள் கணக்கு, அவர்கள் கணக்கும் அதுதான். புகை அடங்கி உள்ளே ஓடினால், எங்கள் முகப்பு அப்படியே நிற்கிறது. வலப்பக்கச் சுவர் வாய் பிளந்து கிடக்கிறது. அந்த ஓட்டைக்குள் பெரியவர் விளக்கோடு நிற்கிறார். ஐந்து நிமிடம் முன்னால் நாங்கள் ஏழு பேர் சாய்ந்து நின்ற சுவர் அது. தண்ணீர்ப் பானை வைத்திருந்த இடத்தில் என் இடுப்பளவு கல்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாடாவைப் பிடித்து அளந்தார்கள். ஒரு மீட்டர் எழுபத்து நான்கு சென்டிமீட்டர் விலகல்.

நேற்று விசாரணை ஆரம்பம். என் தாள்களைப் பார்த்தார்கள். அட்டவணையில் ஓர் அடித்தல் இல்லை, இரண்டு கட்டத்திலும் கையெழுத்து. பெரியவருடைய தாள்கள் முழுக்க பென்சில், அழித்தல், மேலெழுத்து. என்னைக் கேட்டார்கள். "என் கணக்கு சரி, சத்தியமா சரி" என்றேன். நீ போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பியதில்லை என்பதால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்வது?

உன் தம்பி

&nbsp;

மே 8

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு உயிர்! ஒரு வாய் டீயில் காப்பாற்றிய கடவுளுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது, வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெரியவரை நினைத்தால் மனசு கேட்கவில்லை. எங்கே சறுக்கினார் என்று தெரிந்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே. 1.74, 240, இரண்டு எண் கைவசம் இருக்கிறது. எத்தனை நிமிடத்தில் தவறினார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து போட்டுப் பார்த்து இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

மணி பதினொன்றரை. மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

1.74-ஐ 240-ஆல் வகுத்தேன். அதற்குரிய கோணத்தைக் கேட்டேன். 0.4153 என்று வந்தது. ஷிப்டை அழுத்தி டிகிரிப் பொத்தானைத் தலைகீழாகப் போட்டேன். பூஜ்யம் டிகிரி, 24 நிமிடம், 55 நொடி. நாடாப் பிடித்ததில் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆக, இருபத்தைந்து நிமிடம்.

இருபத்தைந்து நிமிடத்தை ஒரு மனிதர் எப்படித் தவறவிடுவார்? இருபதை நாற்பத்தைந்து என்று படிப்பாரா? முப்பதை ஐந்து என்று படிப்பாரா? முப்பது, ஐந்து என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னேன்.

பக்கம் 143 எடுத்தேன். 36.5 போட்டுத் தலைகீழாக மாற்றினேன். 36 டிகிரி 30 நிமிடம்.

தம்பி, நீ சொன்னது முப்பத்தாறு டிகிரி *ஐந்து* நிமிடமா? 36.05 என்று எழுத வேண்டியதில் சைபரை விட்டுவிட்டாயா? அதைத் தசமம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேனா? இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம். இருநூற்று நாற்பது மீட்டரில் எவ்வளவு என்று போட்டேன். கால்குலேட்டர் 1.7453 என்று காட்டுகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்று தடவை. அதே 1.7453.

உன் களப் புத்தகத்தைப் பார். இந்த நிமிடமே பார். 36.05 என்று இருந்தால், சுவரில் ஓட்டை போட்டது அவர் இல்லை. நாம். வேறு எதுவும் எழுத வரவில்லை.

அக்கா

&nbsp;

மே 12

அக்கா,

பார்த்தேன். 36.05. என் கையெழுத்துதான்.

சைபரை விட்டது நான். கேட்காமல் போட்டது நீ. நாலு வருஷமாக இரண்டு இலக்கம் எழுதுகிறவன் ஒரு நாள் ஒற்றை இலக்கம் எழுதினால் தபால் எட்டு நாளானால் என்ன, எண்பது நாளானால் என்ன, கேட்டிருக்க வேண்டாமா நீ? இப்போது அதைப் பேசிப் பயனில்லை.

கவனமாகக் கேள். வெளியாள் ஒருவர் நாலு வருஷமாக எனக்குக் கணக்குப் போட்டார் என்று தெரிந்தால் என் வேலை போகும். அது மட்டுமில்லை. நாம் செய்த சாலை, இரண்டு பாலம், பள்ளிக்கூடத்துப் பின்னால் கட்டிய தடுப்புச் சுவர், எல்லாவற்றையும் தோண்டித் துருவுவார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு என்ன பதில் சொல்வாய்?

இன்னொன்று. பெரியவர் நேற்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் குழப்ப வேண்டும்? சுரங்கத்தின் விலகலை இனி எப்படியும் திருத்திவிடுவார்கள், தண்ணீர் வந்துவிடும். அவருக்கு வயதும் ஆகிவிட்டது.

பக்கம் 143-ஐக் கிழித்து அடுப்பில் போடு. இந்தக் கடிதத்தையும்.

தம்பி

&nbsp;

மே 17

தம்பி,

உன் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. அடுப்பு பற்றவைக்கவே இன்று கை வரவில்லை. மாமா வெளியில் சாப்பிட்டுக்கொண்டார்.

சைபர் விட்டதற்கு நான் பதறினேன். ஆனால் "அவருக்கு வயதும் ஆகிவிட்டது" என்று எழுதினாயே, அதைப் படித்தபோது இது யார் கையெழுத்து என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன் எழுதியதா இது?

நான் கேட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தது, விரல் நின்றது, ஒரு பொத்தான் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பாவம் என்னுடையது. தினமும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் பொத்தானைத் தொடுகிறேன் என்று பெருமை வேறு. வேண்டிக்கொள்வதற்குப் பதில் அன்றைக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். "நீ இத்தனை வருஷம் அவன் அட்டவணையை அழகா காப்பி எடுத்துத் தர்றேன்னுல்ல நெனச்சேன்? போட்டதே நீதானா?" என்றார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தடுப்புச் சுவரும் நீதானா?" என்று கேட்டார். அதிலிருந்து எனக்கும் அந்தச் சுவரே கண்ணில் நிற்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் கணக்கு சரி. சரியான கணக்கு வைத்திருக்கிற மனிதர் தப்பென்று ஏன் கையெழுத்துப் போட்டார்?

நோட்டைப் பதிவுத் தபாலில் உனக்கே அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுசாக. இருநூற்றுப் பன்னிரண்டு கோணம். அதில் ஒரு பக்கத்தையும் நான் கிழித்ததில்லை, இனியும் கிழிக்க மாட்டேன். கிழிப்பதானால் உன் கையால் கிழி.

அக்கா

&nbsp;

மே 30

அக்கா,

நோட்டு வந்து மூன்று நாள் என் படுக்கைக்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் கிழிக்கத்தான் எடுத்தேன். பொய் சொல்லவில்லை. பக்கம் 143-இல் கடைசி வரிக்குப் பக்கத்தில் நீ பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு, அதை அழித்திருக்கிறாய். அழித்த தடம் தெரிகிறது. பிப்ரவரியிலேயே போட்டது. அதைப் பார்த்த பிறகு கை கிழிக்க வரவில்லை.

விசாரணை அறைக்குப் போனேன். ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் சுரங்கத்தின் படம். தலைமைப் பொறியாளர் இருந்தார். பெரியவரையும் கூப்பிட்டிருந்தார்கள், ஓய்வூதியத் தாளில் ஏதோ கையெழுத்துக்காக. நோட்டையும் என் களப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்தேன்.

"இது யாரோட எழுத்து?" என்றார் பொறியாளர்.

"எங்க அக்காவோடது."

"எந்த ஆபீஸ்ல இருக்காங்க?"

"வீட்ல இருக்காங்க, சார்."

"என்ன படிச்சிருக்காங்க?"

"கால்குலேட்டரோட வந்த காகிதத்தைப் படிச்சாங்க, சார். அகராதியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை. 36.05, 36.5 இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ அந்தப் பக்கத்துக் கோடு சரிதானா?" என்றார்.

நீ கேட்டாயே, பெரியவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று. அவருடைய தாள்களை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா, அவர் தன்னுடைய சரியான கணக்கை அடித்துத் தப்பாக்கி வைத்திருந்தார். ஒரு வகுத்தலில் ஏழு என்று சரியாகப் போட்டதை ஒன்று என்று மாற்றி, அதற்கு ஏற்றபடி கீழே எல்லாவற்றையும் மாற்றி, ஒன்றே முக்கால் மீட்டர் வரும்வரை விடாமல் திருத்தியிருக்கிறார். "எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?" என்று பொறியாளர் கத்தினார். பெரியவர் மெதுவாகத்தான் சொன்னார்:

"இந்தப் பையன் சத்தியமா சரின்னு சொன்னான். தாளும் சுத்தமா இருந்துச்சு. ஒருத்தன் அவ்வளவு உறுதியா நின்னா, தப்பு என்கிட்டதானே இருக்கணும்? பதினேழு தடவை போட்டேன், தப்பு கெடைக்கல. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சு கண்ணாடியை மாத்தினேன். புதுக் கண்ணாடியில அந்த ஏழு எனக்கு ஒண்ணு மாதிரி தெரிஞ்சுது."

மூக்கில் அந்தப் புதுக் கண்ணாடி இருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவை அரை அடி திறந்து, யாரென்று பார்த்து, மூடிவிட்டார். அதற்குப் பிறகு தட்ட எனக்குத் தைரியம் இல்லை.

அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என் சர்வேயர் பதவி போயிற்று. அவருக்கு அளவுகோல் பிடிக்கும் ஆளாக, அவர் கீழேயே போட்டிருக்கிறார்கள். அவர் கையை இடப்பக்கம் அசைத்தால் இடப்பக்கம் நகர்கிறேன், வலப்பக்கம் அசைத்தால் வலப்பக்கம். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாக ஒன்று. உன் நோட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கோணத்தையும் முதலிலிருந்து சரிபார்க்க உத்தரவு. பெரியவர்தான் சரிபார்க்கிறார். என் களப் புத்தகங்களை எல்லாம் வாங்கிக்கொண்டார்.

இந்த முறை நிதானமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி

&nbsp;

ஜூன் 5

தம்பி,

நீ கிழிக்க எடுத்ததையும் மறைக்காமல் எழுதினாய். அது போதும்.

அந்தப் பதினேழு தடவை என்னை உறங்கவிடவில்லை. வீடு பெருக்கும்போதும் அதுதான் ஓடுகிறது. தன் சரியை ஒரு மனிதர் தானே அடித்துத் திருத்தும்படி நாம் செய்துவிட்டோமே.

தடுப்புச் சுவரின் கோணங்கள் பக்கம் 61-இல் இருக்கின்றன. என்னிடம் பிரதி இல்லை. அதில் எத்தனை ஒற்றை இலக்கம் வந்தது, வந்ததை என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்தச் சுவருக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. நல்லதானாலும் கெட்டதானாலும் எழுது.

அக்கா

&nbsp;

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டு இன்று வந்தது.

பழுப்புத் தாளில் சுற்றி, நூலால் கட்டி, என் முகவரியைப் பென்சிலில் எழுதியிருந்தார்கள். உன் எழுத்து இல்லை. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. கத்தரிக்கோல் எடுக்கக்கூடப் பொறுமை இல்லாமல் நூலைப் பல்லால் கடித்தேன். நேராகப் பக்கம் 61.

தம்பி, ஒவ்வொரு கோணத்துக்கும் பக்கத்தில் ஓரத்தில் ஒரு வகுத்தல். நிமிடத்தை அறுபதால் வகுத்து, புள்ளிக்குப் பின் நாலு தானம் வரை, பொடிப் பொடியான பென்சில் எழுத்தில். அதன் முடிவில் ஒரு டிக். தடுப்புச் சுவரின் ஒன்பது கோணத்துக்கும் ஒன்பது டிக். ஒன்பதையும் விரல் வைத்து மறுபடி எண்ணினேன்.

பிறகு முதல் பக்கத்திலிருந்து எண்ணினேன். நான் ஒரு பொத்தானை அழுத்திப் போட்டதையெல்லாம் அவர் கையால் போட்டிருக்கிறார். யாருடைய தப்பால் கண்ணாடி மாற்றினாரோ, அவளுடைய நாலு வருஷத்தையும் அந்தக் கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஓரிடத்தில் ஒரு கடுமையான சொல் இல்லை. ஓரிடத்தில் ஒரு பாராட்டும் இல்லை. இருநூற்றுப் பதினோரு டிக்.

பக்கம் 143, கடைசி வரி. 36.5. அதற்குப் பக்கத்தில் டிக் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, திருத்தமும் இல்லை. வெறும் இடம் விட்டிருக்கிறார்.

அப்புறம் பேனாவை எடுத்துப் புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு சைபர் போட்டேன். இடம் போதவில்லை, நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தது. 36, பொத்தான், 05, பொத்தான். 36.0833. அதை ஓரத்தில் எழுதினேன். டிக் நான் போடவில்லை. அதைப் போடும் உரிமை எனக்கு இல்லை.

நோட்டை அதே தாளில், அதே நூலில் மறுபடி கட்டி இதனுடன் அனுப்புகிறேன். நீ அளவுகோல் பிடிக்கும் இடத்திலேயே அவர் கையில் கொடு. பேசினால் பேசட்டும், பேசாவிட்டால் போகட்டும். அவர் அந்த வரியைப் பார்த்தால் போதும்.

எனக்கு இனிமேல் கூடை அனுப்பாதே. இரண்டு வரி மட்டும் எழுது.

உன் அக்கா